பேப்பரில் வந்த மனேச்சர்

அறுபதுகளின் பிற்பகுதியில் நடந்த கதை இது. யாழ்ப்பாணத்தில் இணுவிலுக்குக் கிட்ட, பெரிய வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் இறங்கினால் என் பெரியப்பாவின் சுருட்டுக் கொட்டில். நாற்பது பேர் நிலத்தில் நாலு வரிசையாகச் சப்பாணி கட்டி உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துச் சுருட்டுச் சுற்றுவார்கள். பெரியப்பாவுக்கு நெஞ்சுவருத்தம் வந்து வீட்டோடு இருக்க வேண்டியதாகிவிட்டது. கொழும்பில் ஒரு கம்பனியில் கிளறிக்கல் வேலை பார்த்த என்னைக் கூப்பிட்டு மனேச்சர் ஆக்கினார். எனக்கு வயது இருபத்தாறு. தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த பெரிய சொத்து என்னவென்றால், கூட்டம் வைக்கும் பழக்கம். அந்தக் கம்பனியில் மாதா மாதம் கூட்டம் நடக்கும். தலைவர் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், குறிப்பு எழுதுவார்கள். எனக்கு அதில் ஒரு மயக்கம். வந்த முதல் மாதமே கொட்டிலிலும் கூட்டம் என்று அறிவித்தேன். சனிக்கிழமை வேலையை நிறுத்தி, எல்லாரும் கை கழுவி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். நான் எழுந்து நின்று அரை மணித்தியாலம் பேசினேன். கடைசியில், "ஏதும் கேக்க இருக்கோ?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அப்ப எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றேன். நாற்பது வாயும் ஒன்றாக "ஓம்" என்றன. நான் கொப்பியில் 'ஏகமனதாக' என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

இரண்டு கூட்டம் போனதும் எனக்கே உள்ளுக்குள் உறுத்தியது. சுவரோடு பேசுவது போல இருக்கிறதே, இவர்களைக் கொஞ்சம் உசுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்துக்குப் பால் விடாத பிளேன்ரீயும் பேக்கரிப் பணிஸும் வாங்கி வைத்தேன். வடிவாகச் சாப்பிட்டுவிட்டு "ஓம்" என்றார்கள். பிறகு ஒரு பால்மாத் தகரப் பேணியின் மூடியில் வெட்டுப் போட்டு, நேரே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் எழுதிப் போடலாம் என்று வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் ஒரே ஒரு துண்டு கிடந்தது. 'பணிஸ் நல்லாய் இருந்தது' என்று எழுதியிருந்தது. அதற்கும் அடுத்த மாதம் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். முதலாவது ஆள், "எல்லாம் சரி, தம்பி" என்றார். மீதி முப்பத்தொன்பது பேரும், "அவர் சொன்னதுதான்" என்றார்கள்.

வாயில்லாப் பூச்சிகள், பாவங்கள் என்று முடிவு கட்டினேன். அந்த வாயில்லாப் பூச்சிகள் தினமும் காலை பத்து மணிக்கு என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதை நான் கவனிக்கவில்லை. காதில் விழுந்தபோதும் அதை வெட்டி அரட்டை என்ற கணக்கில்தான் போட்டேன்.

எங்கள் பக்கத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுகிறவர்களில் நல்ல குரல் உள்ள ஒருவர் வேலையை வைத்துவிட்டு, நடுவில் இருந்து பேப்பர் வாசிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவர் சுற்ற வேண்டிய சுருட்டை அவர்களே பங்குபோட்டுச் சுற்றி வைத்துவிடுவார்கள். எங்கள் கொட்டிலில் அப்படி வாசித்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியும் உத்தியோகம் கிடைக்காதவர். குரல் வெண்கலம். குணம் மிளகாய்.

எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. ஒரு மனிதன் ஒன்றரை மணித்தியாலம் சுருட்டைத் தொடாமல் பேப்பரோடு இருக்கிறான், இதுவும் ஒரு வேலையா என்று. ஆறாவது கூட்டத்தில், இனி வாசிப்பு வேண்டாம், பதிலாகக் கொட்டிலுக்கு ஒரு ரேடியோ வாங்கித் தருகிறேன் என்றேன். செய்தியும் வரும், பாட்டும் வரும், எல்லாருக்கும் சந்தோசந்தானே என்றேன். "ஓம்" என்றார்கள். வாசிக்கிறவரும் "ஓம்" என்றார். ஏகமனதாக.

அடுத்தது இலை. பெரியப்பா வழக்கமாகப் புகையிலை எடுக்கும் செம்மண் தோட்டங்களை விட்டுவிட்டு, புத்திசாலித்தனமாக நானே ஒரு புது இடம் பிடித்தேன். கடலுக்குக் கிட்ட ஒரு தோட்டம். இலை ஒவ்வொன்றும் முழ நீளம். நிறம் என்றால் தேன் நிறம். மொத்தமாக வாங்கி இறக்கி, கூட்டத்தில் ஓர் இலையை உயர்த்திக் காட்டி, "இப்பிடி ஒரு இலை இந்தக் கொட்டிலுக்கு முந்தி வந்திருக்கோ?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு மெலிந்த மனிதர் தலையை ஆட்டி, "ஓம், வந்ததில்லை" என்றார். அது பாராட்டு இல்லை என்பது எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது.

எங்கள் சுருட்டில் பாதி, தென்பகுதியில் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவருக்குத்தான் போகும். புது இலையில் சுற்றிய சுருட்டுப் பெட்டிகளில் மூன்று ரயிலில் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். 'ஒரு சுருட்டை முடிக்க ஒரு நெருப்புப்பெட்டி போகிறது என்று வாடிக்கைக்காரர் வைகிறார்கள். இனிமேல் சுருட்டோடு நெருப்புப்பெட்டியும் சேர்த்து அனுப்புவதாக உத்தேசமா?' மூன்று வாரத்தில் போகிற அடுத்த சரக்கும் இப்படி இருந்தால் வேறு கொட்டிலைப் பார்க்கப் போவதாக முடித்திருந்தார்.

கடிதத்தைப் பெரியப்பாவிடம் கொண்டு போனேன். வாசித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு, "உந்த ஆள் போனால் பாதி வேலை போச்சு. இருபது பேரை நிப்பாட்ட வேணும். ஆர் ஆர் எண்டு நீயே யோசி. நீயே சொல்லு. நான் சொல்லமாட்டன்" என்றார். இருபது பேர் என்றால் இருபது வீடு. அவர்களில் பலர் என்னைச் சிறு வயதில் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர்கள்.

உடனே அவசரக் கூட்டம் வைத்தேன். சுருட்டில் ஏன் நெருப்பு நிற்கவில்லை, சுற்றியதில் பிழையா, பதப்படுத்தினதில் பிழையா, தயவு செய்து சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று ஆவலோடு குனிந்தேன். "மழைக் குணம் போலை கிடக்கு, தம்பி" என்றார். அவ்வளவுதான். அன்று கொப்பியில் எழுத ஒன்றுமில்லை.

இரண்டு நாள் கழித்து ரேடியோவின் பற்றரி இறங்கிவிட்டது. புதிது வாங்க ஆளை அனுப்பிவிட்டுக் கந்தோர் அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கொட்டிலுக்குள் அமளி. அடிபாடோ என்று ஓடிப்போய்ப் படலையோடு நின்று எட்டிப் பார்த்தால், வாசிக்கிறவர் பழையபடி நடுவில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு மந்திரியின் பேச்சு. ஒரு வசனம் வாசித்திருப்பார், 'டொக்' என்று ஒரு சத்தம். ஒருவர் இலை வெட்டும் சின்னக் கத்தியின் பிடியால் பலகையில் தட்டுகிறார். வாசிப்பு நின்றது. தட்டினவர், "உவருக்கு ஆர் உந்தப் புத்தி சொன்னது? போன வருசம் வேறை மாதிரி எல்லோ சொன்னவர்?" என்றார். இன்னொரு 'டொக்'. அவருக்கு மறுப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு பகிடி. கொட்டிலே சிரித்தது. வாசிக்கிறவர் எல்லாம் அடங்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்தில் தொடங்கினார். ஒருவருடைய கையும் நிற்கவில்லை. சுருட்டு சுருட்டாக விழுந்துகொண்டே இருந்தது.

வாயில்லாப் பூச்சிகள் என்று நான் நினைத்த அத்தனை பேரும் மந்திரியைப் பிடித்து உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை மெலிந்த மனிதர்தான் எல்லாருக்கும் மேலாகத் தட்டினார். ரேடியோவைத் தட்டி நிறுத்த முடியாது. என்னையும் முடியாது. எனக்கு அந்த இடத்தில்தான் பொறி தட்டியது. இவர்களுக்குப் பேசத் தெரியும். முகத்துக்கு நேரே நிற்கிற முதலாளி வீட்டுப் பிள்ளையோடுதான் பேச வராது. பேப்பரில் வருகிற ஆள் என்றால் மந்திரியானாலும் விடமாட்டார்கள். அப்படியென்றால் நான் பேப்பரில் வர வேண்டும்.

அன்று பின்னேரம், நடந்ததையெல்லாம் செய்தி போல ஒரு தாளில் எழுதி, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வாசிக்கிறவரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய வாசிப்பை நிறுத்தியவனே நான்தான், எந்த முகத்தோடு போவது என்று ஒழுங்கையில் இரண்டு முறை சைக்கிளைத் திருப்பினேன். அவர் முற்றத்தில் வேலி கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கதிரை எடுத்துப் போட்டார். முகம் மட்டும் இறுகியிருந்தது. "அண்ணை, இதைச் செய்தி மாதிரி வாசிப்பீங்களோ?" என்று நான் எழுதியதை நீட்டினேன்.

வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உது செய்தியில்லை, மன்னிப்புக் கடிதம். இதை ஆர் கேப்பினம்? தலைப்பு எங்கை? மனேச்சர் எண்டு ஒரு ஆள் வரவேயில்லை. எல்லாம் 'நிர்வாகம்', 'நிர்வாகம்' எண்டு கிடக்கு. நிர்வாகத்தை ஆரும் ஏசுவினமோ?"

"அப்ப நீங்களே திருத்துங்கோ" என்றேன். பென்சிலை எடுத்தார். ஒரு மணித்தியாலம் திருத்தினார். அந்த ஒரு மணித்தியாலத்தில் என்னை எத்தனை கேள்வி கேட்டார் தெரியுமா! எந்தத் தோட்டம், ஆரோடு போனது, எவ்வளவு நேரம் நின்று பார்த்தது, எல்லாம். ரேடியோவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இன்னும் அதிகமாகக் குத்தியது. எழும்பும்போது நானே, "அண்ணை, உங்களை நிப்பாட்டினது என்ரை பிழை" என்றேன். "அதை வாசிப்பு முடியப் பாப்பம்" என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "நீங்களும் வரிசையிலை பலகையோடை இருக்க வேணும். என்ன சொன்னாலும் மறுமொழி சொல்லக்கூடாது. பேப்பரிலை வந்த ஆள் எழும்பிக் கதைக்கிறதில்லை."

வீட்டுக்கு வந்து நல்ல தாளில் எழுதும்போது, அவர் காணாத ஒரு வசனத்தைக் கடைசியில் நானே சேர்த்தேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மூன்றாம் வரிசை ஓரத்தில் மடியில் பலகையோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒதுங்கி இடம் விட்டார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஓர் இலையை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன். அது சுருட்டு மாதிரி வரவில்லை, காயத்துக்குத் துணி சுற்றின விரல் மாதிரி வந்தது. வாசிக்கிறவர் பேப்பரை விரித்தார். என்னுடைய தாள் உள்ளே இருந்தது. முதலில் இரண்டு ஊர்ச் செய்தி வாசித்தார். பிறகு குரலை மாற்றாமலே, "சுருட்டுக்குத் தீ வைக்க முடியாமல் திண்டாட்டம்! இளம் மனேச்சரின் இலைத் தெரிவு காரணமா?" என்றார்.

கைகள் ஒரு கணம் நின்றன. பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். அவர் ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்ந்தார். மனேச்சர் தனியே போய்க் கடற்கரைத் தோட்டத்தில் இலை வாங்கியது, பெட்டிகள் திரும்பி வந்தது, நெருப்புப்பெட்டிக் கதை எல்லாம் வந்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

'டொக்.'

முன்வரிசை மெலிந்த மனிதர். "உந்த மனேச்சர் வாங்கேக்கை இலையை நாக்கிலை வைச்சுப் பாத்தவரோ?"

"பேப்பரிலை அப்பிடி ஒண்டும் போடேல்லை" என்றார் வாசிக்கிறவர்.

"போட்டிராது. பாத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்."

'டொக்.' இன்னொருவர். "நிறத்தைக் கண்டு மயங்கியிருப்பார். தோட்டக்காரன் இளநி வெட்டிக் குடுத்திருப்பான்." கொட்டில் வெடித்துச் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையில் இரண்டு இளநீர் குடித்தேன்.

அடுத்த வசனம், தொழிலாளர்கள் இந்த இலையை ஏகமனதாக ஏற்றுக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் இருக்கிறது என்பது. அது அவர் வாயிலிருந்து வந்ததும் வராததுமாக நாலு பக்கத்திலும் பலகைகள் அதிர்ந்தன. "ஆர் ஏத்துக்கொண்டது?" என்று ஒரே கூச்சல். வாசிக்கிறவர் கையை உயர்த்தி, "நீங்கள் எல்லாரும் ஓம் எண்டு சொன்னனீங்கள் எல்லோ?" என்று கேட்டார். அதற்கு அந்த மெலிந்த மனிதர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஓம் எண்டு சொன்னது, நீ சொன்னது கேட்டுது எண்டதுக்கு. செய் எண்டதுக்கில்லை."

பிறந்ததிலிருந்து நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா கடைக்குப் போகச் சொன்னால் "ஓம்" என்றுவிட்டுப் போகாமல் இருந்தவன்தானே நானும். கொழும்பில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்து, என்னுடைய பாஷை எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு கடைசி வசனம் வந்தது. 'அடுத்த சரக்கும் திரும்பினால் இருபது பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வரும். யார் யார் என்பதை மனேச்சர் இன்னும் முடிவு செய்யவில்லை.' வாசிக்கிறவர் பாதியில் தடக்குப்பட்டு நின்றார். அது அவர் காணாத வசனம். தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் வாசித்து முடித்தார்.

"உது பேப்பருக்கு எழுதின கதையோ, உள்ள கதையோ?" என்று ஒருவர் மெல்லக் கேட்டார். எல்லாருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. பேசக்கூடாது என்பது நிபந்தனை. தலையை மட்டும் ஆட்டினேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

மெலிந்த மனிதர் பலகையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு சிப்பத்திலிருந்து இலை ஒன்றை உருவிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "நாக்கை நீட்டு" என்றார். தம்பி என்றும் இல்லை, மனேச்சர் என்றும் இல்லை. நீட்டினேன். இலை உப்புக் கரித்தது. உவர்த் தண்ணீர் இறைத்து வளர்த்த இலையில் நெருப்பு நிற்காது, பின்னேரக் காற்றுப் பட்டால் துவண்டு போகும், அதை எந்தப் பதம் போட்டாலும் திருத்த ஏலாது என்று அப்போதுதான் சொன்னார்கள். சிப்பம் அவிழ்த்த முதல் நாளே நாற்பது பேருக்கும் அது தெரியும்.

அதன் பிறகு என்னை ஒருவரும் கேட்கவில்லை, அவர்களே கூடிக் கதைத்தார்கள். ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு துண்டு கிழித்துக் கொளுத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தோட்டத்தின் மேட்டுப்பக்கத்து இலை தப்பியிருக்கலாம் என்றார் ஒருவர். தப்பித்தான் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் கழிந்தது. குறைக்கு என்ன செய்வது என்று நான் விழித்தபோது, பின்வரிசைக்காரர் ஒருவர் பரணைக் காட்டினார். போன போகத்துச் செம்மண் இலையைப் பெரியப்பா தைமாதத்துக்கென்று அங்கே கட்டி வைத்திருந்தார். மனேச்சருக்குத் தெரியாத பரண், வேலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன். "ஆர் காட்டித் தந்தது?" என்றார். "கூட்டத்திலை ஆக்கள் சொன்னவை" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

சரக்கு போய்ப் பத்தாம் நாள் வியாபாரியின் கடிதம் வந்தது. பிரிக்காமலே வாசிக்கிறவரின் கையில் கொடுத்தேன். பத்து மணிக்குக் கொட்டில் நடுவில் பிரித்து வாசித்தார். நல்ல சுருட்டு, வழக்கம் போலத் தொடர்ந்து அனுப்பவும் என்றிருந்தது. 'டொக்' என்று ஒரு பலகை. "மனேச்சர் இனி இலை வாங்கத் தனியப் போறதில்லை எண்டும் அதிலை போட்டிருக்கோ?" வாசிக்கிறவர் தாளைத் திருப்பிப் பார்ப்பது போலப் பாவனை பண்ணி, "ஓம், அடியிலை போட்டிருக்கு" என்றார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தை அதோடு விட்டேன். ரேடியோவைப் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். மாதத்தில் ஒரு நாள் பேப்பருக்குள் கொட்டில் செய்திகளும் வரும். நான் எழுதுவது கொஞ்சம், அவர்கள் சொல்லி வாசிக்கிறவர் எழுதுவது கூட. 'மனேச்சரின் சைக்கிள் வாசலை மறிக்கிறது, மக்கள் அவதி' என்று ஒரு மாதம் வந்தது. அன்றைக்கே சைக்கிளை வேம்படிக்கு மாற்றினேன். இலை வாங்கப் போகும்போது மெலிந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு போனேன். தோட்டக்காரர் இளநீர் வெட்ட வந்தால், அதற்கு முதலே இலைக்கு நாக்கை நீட்டுகிறவர் அவர்தான்.

பிறகு எத்தனையோ சங்கங்களில் தலைவராக இருந்திருக்கிறேன், எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறேன். நன்றாகவே நடத்தினேன் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். எல்லாரும் தலையாட்டிவிட்டால் எனக்குப் போதாது, யாராவது என்னை மறிக்கும்வரை காத்திருப்பேன். அந்த இருபது பேரில் ஒருவரையும் நான் வீட்டுக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவர்கள் பேசாமல் எழுந்து போயிருப்பார்கள், பிழை என்னுடையது என்பது எனக்கு இன்றுவரைக்கும் தெரிந்திராது.